படித்தவருக்குப் பாதுகாப்பு இல்லை

வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாரைப் பற்றி இந்திய அரசுக்குக் கவலை உண்டு. நர்ஸைப் பற்றியும் உண்டு. பள்ளி ஆசிரியரைப் பற்றி மட்டும் இல்லை. காரணம், அவர் படித்தவர்.

படித்தவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசு அனுமதி தேவை. அவர்களது ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது பார்ப்பார். பட்டமும் பி.எட்.டும் வாங்கியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. எனவே அவரது ஒப்பந்தத்தை விமானம் ஏறும்வரை அரசுத் தரப்பில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

சி.பி.எஸ்.இ. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் வெளிநாடுகளில் 200-க்கும் மேல் உள்ளன. பெரும்பாலானவை வளைகுடாவில். இவற்றில் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் இருக்கும். சம்பளப் பட்டியலில் அது இருக்காது. அதே ஊரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்கு லண்டனிலிருந்து வரும் ஆசிரியருக்கு வீடு, ஆண்டுக்கொரு விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே சேர்ந்துவிடும். இந்தியப் பள்ளி ஆசிரியருக்கு வீட்டு வாடகை போக மிச்சம் பிடிப்பதே பெரும்பாடு.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தியப் பள்ளிகளில் கட்டணம் குறைவு. அந்தக் குறைந்த கட்டணத்தை நம்பித்தான் நடுத்தர வருமானக்காரர்கள் மனைவி, குழந்தைகளை உடன் வைத்திருக்கிறார்கள். துபாயில் நினைத்தபடி கட்டணத்தை உயர்த்தவும் கல்வி ஆணையம் விடாது. ஆனால் இந்த மலிவின் சுமை முழுவதும் ஒரே தோளில் இறங்குகிறது. அந்தத் தோள் பெரும்பாலும் ஒரு பெண்ணுடையது. கணவரின் விசாவில் வந்து, உள்ளூரிலேயே வேலைக்குச் சேர்பவர் அவர். விசா செலவும் வீடும் தர வேண்டியதில்லை என்பதால் பள்ளிகளுக்கு அவர் லாபம். 'வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல்' என்பதே அவரது சம்பளத்தை நிர்ணயிக்கும் சூத்திரம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அமீரகத்தில் சம்பளத்தை வங்கி வழியாகவே தர வேண்டும் என்ற ஏற்பாடு 2009-ல் வந்தது. ஆனால் கணக்கில் போட்ட பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் பள்ளிகள் பற்றி வளைகுடாவில் புகார்கள் எழுந்ததுண்டு. பணிக்கொடையிலும் ஓட்டை உண்டு. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். ஆனால் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்து. 4,000 திர்ஹம் வாங்குபவருக்கு அடிப்படைச் சம்பளம் 1,600 என்று எழுதிவிட்டால், ஐந்து ஆண்டு முடிவில் 14,000-க்குப் பதில் 5,600 திர்ஹம்தான் கையில் கிடைக்கும். கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், வெளிநாட்டு ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பவும் சம்பளத்தைக் குறைக்கவும் அமீரகம் வழிவிட்டது. ஊழியர் சம்மதம் அவசியம் என்றது உத்தரவு. 'சம்மதிக்க மாட்டேன்' என்று எந்த ஆசிரியர் சொல்வார்?

ஏன் வாய் திறப்பதில்லை என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். பள்ளியின் விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் விசாவும் போகும். பிள்ளைகள் அதே பள்ளியில் கட்டணச் சலுகையில் படிப்பார்கள். அடுத்த வேலைக்குத் தேவையான அனுபவச் சான்றிதழும் அதே நிர்வாகத்தின் மேஜையில்தான் இருக்கிறது. இத்தனையும் ஒரே கைக்குள் இருக்கும்போது புகார் மனு எழுதப் பேனா ஓடாது. கத்தார் 2020-ல் வேறு வேலைக்கு மாற முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்றது. குவைத்தோ 2025 ஜூலையில், தனியார் துறையில் உள்ள வெளிநாட்டினர் நாட்டைவிட்டு வெளியே போகவே முதலாளியின் அனுமதி வேண்டும் என்றது.

குவைத்தின் சட்டத்தை தில்லி மாற்ற முடியாது. தன் கையில் உள்ளதைச் செய்யலாம். 2015-ல் நர்ஸ்களுக்குச் செய்ததே முன்னுதாரணம். அவர்களும் படித்தவர்கள்தான். ஆனாலும் ஏஜென்டுகளின் கொள்ளை எல்லை மீறியபோது அந்த 18 நாடுகளுக்கும் அரசு அனுமதி கட்டாயமாயிற்று. ஆள் எடுக்கும் பொறுப்பு கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், தமிழகத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளிடம் போயிற்று. கெடுபிடி அதிகமானால் வேலை வேறு நாட்டவருக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதையாவது கட்டாயமாக்கலாம்.

கணவரின் விசாவில் இருப்பவருக்கு இது உதவாது. அங்கேதான் சி.பி.எஸ்.இ. வர வேண்டும். அங்கீகாரம் தருமுன் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் பார்க்கிற வாரியம், ஆசிரியரின் சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அந்தப் பள்ளிகள் சம்பாதிப்பது வாரியத்தின் பெயரை வைத்துத்தான்.