அட்டை இரண்டு, வழிசொல்ல ஆளில்லை

பவானி சுற்றுவட்டாரத் தறிக்கார வீடுகள் பலவற்றில் இப்போது காப்பீட்டு அட்டை ஒன்றல்ல, இரண்டு. அப்பாவும் அம்மாவும் ஜமக்காளம் நெய்கிறார்கள். குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் பெயரும் அமைப்பும் மாறிய பிறகும் ஊர் வாயில் அது ‘கலைஞர் கார்டு’தான். மகள் பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குப் போகிறாள். அவள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஆக அவளுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. வருமான வரம்புக்குள் இருந்து அவளை நம்பி வாழும் பெற்றோருக்கும் அதே ஈ.எஸ்.ஐ.யில் சிகிச்சை உண்டு.

இந்தப் பெற்றோருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எந்த அட்டையை எங்கே நீட்டுவது? “ஏனுங்க, ரெண்டு கார்டு இருக்குதுங்க, எதைக் குடுக்கறதுங்க?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தன் கவுண்டருக்கு எது செல்லுமோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வேலை அதுதான்.

ஆனால் இரண்டு அட்டையும் ஒன்றல்ல. மாநில அட்டையில் குடும்பம் மொத்தத்துக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உச்சவரம்பு. அப்பாவின் இதய அறுவைக்கு ஒரு பங்கு போய்விட்டால், அதே ஆண்டில் அம்மாவுக்கு ஏதாவது வந்தால் மிச்சம்தான் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ.யில் ஒரு நோயாளிக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு கிடையாது. மாநில அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்க வேண்டிய சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை ஈ.எஸ்.ஐ. மருந்தகமே தரும். நெசவாளர்களுக்கென்று 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த ஐசிஐசிஐ லம்பார்ட் காப்பீட்டில் குடும்பத்துக்கு 15,000 ரூபாய்தான். ஆனாலும் அதில் 7,500 வரை வெளிநோயாளிச் செலவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். காய்ச்சலுக்கும் பயன்பட்ட அட்டை அது.

ஈ.எஸ்.ஐ.யிலும் சிக்கல் உண்டு. மருந்தகம், அங்கிருந்து சிங்காநல்லூர் போன்ற பெரிய மருத்துவமனை, அதற்கு மேல் சிறப்புச் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு என்று படி ஏற வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிப்பவரை அந்த வரிசையில் நில்லென்று யாரும் சொல்ல முடியாது. அவசரம் என்றால் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைதான், கையில் இருக்கும் அட்டைதான். திட்டமிட்டுச் செய்யும் அறுவையிலாவது யோசிக்க இடமிருக்கிறதே!

மகளுக்கே அறுவை என்றால் கணக்கு இன்னும் மாறும். ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை ஈ.எஸ்.ஐ. தரும். அதற்கு முறையான மருத்துவச் சான்று வேண்டும். இது தெரியாமல் கலைஞர் கார்டை நீட்டி அறுவையை முடித்துக்கொண்டு, ஈ.எஸ்.ஐ. பக்கமே போகாமல் இருந்துவிட்டால், சிகிச்சை இலவசமாகிவிடும், கூலி கைவிட்டுப் போய்விடும். தறிவீட்டில் அந்தக் கூலியின் அருமை பெரிது. அகலமான ஜமக்காளத்துக்கு இருவர் அருகருகே உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். ஒருவர் படுத்தால் மற்றவரின் கூலியும் நிற்கும். அப்பா படுத்த மாதங்களில் வீட்டுக்கு வரும் பணம் மகளுடையது மட்டும்தான்.

அமெரிக்காவிலும் இதே தலைவலி இருக்கிறது. 1965 ஜூலை 30 அன்று ஒரே கையெழுத்தில் பிறந்தவை முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும். இரண்டும் சேர்ந்து உடையவர்கள் இன்று ஒரு கோடிக்கு மேல். எந்தச் செலவை எது ஏற்கும் என்று அவர்களுக்கும் புரிவதில்லை. அதனால் 1990இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலந்தோறும் இலவச ஆலோசனைக்கு வழி செய்தார்கள். அங்கே உட்காருபவர்களில் தன்னார்வலர்கள் ஏராளம். அவர்கள் பாலிசி விற்பதில்லை, காப்பீட்டு நிறுவனத்திடம் சம்பளம் வாங்குவதும் இல்லை. அந்த நாட்டு மருத்துவச் செலவு நமக்கு வேண்டாம், இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் கடன் வாங்கலாம்.

இங்கே ஆட்கள் இல்லாமல் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் காப்பீட்டு மேசை இருக்கிறது, 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. ஆனால் மேசை மருத்துவமனையைச் சேர்ந்தது, எண் ஒரு திட்டத்தை மட்டும் சேர்ந்தது. இரண்டு அட்டையையும் மேசைமேல் வைத்து, நோயாளிக்கு எது லாபம் என்று பார்த்துச் சொல்லவும், மறுக்கப்பட்டால் அவருக்காக எழுதிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். பவானி அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும். 1987ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் சட்ட உதவி தர வட்டச் சட்டப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் சட்டத் தன்னார்வலர்களுக்கு ஈ.எஸ்.ஐ., மாநிலக் காப்பீடு இரண்டிலும் பயிற்சி கொடுத்து வாரம் சில நாள் உட்காரவைக்கலாம். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள், எந்த வீட்டில் இரண்டு அட்டை என்று குறித்துத் தரலாம்.

நாற்காலி வரும்வரை ஆலைகளே ஒரு வேலையைத் தொடங்கலாம். ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது மூப்பில் ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. சிகிச்சை தொடரும். தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. முதன்முதலில் 1955இல் கோவையில்தான் வந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த 120 ரூபாயைப் பற்றிக் கேள்விப்படாமலே மில்லை விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பி.எஃப். கணக்கை முடிக்கும் அன்றே இந்த விண்ணப்பத்தையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட மில் அலுவலகத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.