சம்பால் போத்தலும் அயலார் பந்தியும்

வெளிநாடு சென்று திரும்பும் ஆசிரிய நண்பர்கள் சிலர், "அங்கே வாய்க்கு ருசியாக ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று குறைப்படக் கேட்கிறேன். எங்கே உண்டீர்கள் என்று வினவினால், விடுதி அறையில் சுடுநீர் ஊற்றிய மீ என்பர். தவறினால், பயண முகவர் அழைத்துச் சென்ற இந்திய உணவகம். ஓர் ஊரின் அடுப்பை எட்டியும் பாராமல் அவ்வூரின் சுவைமீது தீர்ப்புக் கூறும் துணிவு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

அத்துணிவு எனக்கும் இருந்ததுண்டு. 2018ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றிருந்தேன். பெரிய தேவாலயத்தைச் சுற்றிலும் பயணிகளுக்கென்றே விலைப்பட்டியல் தொங்கவிட்ட கடைகள். அவற்றை விடுத்து, ஆர்னோ ஆற்றின் தென்கரையில், சான் பிரெடியானோ பகுதியின் சிற்றுணவகம் ஒன்றில் ஓர் இரவு நுழைந்தேன். அந்நகரின் புகழ்பெற்ற ஸ்டேக்கை, அவர்கள் மொழியில் 'பிஸ்தெக்கா'வைக் கேட்டேன். எலும்போடு கூடிய மாட்டிறைச்சித் துண்டு. மூன்று விரல் தடிப்பு. ஏறத்தாழ ஒரு கிலோ. எடைக்குத்தான் விலை, ஆதலால் இருவர் மூவர் பகிர்ந்து உண்பர். தணலின்மேல் சில நிமிடங்களே வாட்டுவர். வெளிப்புறம் கருகியிருக்கும், உள்ளே சிவந்தே இருக்கும்.

"நன்றாக வேகவைத்துத் தாருங்கள்" என்றேன். பரிமாறிய முதியவர் தலையை அசைத்து மறுத்தார். வேண்டுமானால் கோழி இருக்கிறது என்றார். எனக்குச் சினம் மூண்டது. பணம் கொடுப்பவன் நானல்லவா! பையிலிருந்த சம்பால் போத்தலும் நினைவுக்கு வந்தது. அடுத்த மேசையில் பாட்டி முதல் பேரன் வரை ஒரு குடும்பம், ஒரே துண்டைப் பங்கிட்டு, வெள்ளை அவரையோடு உண்டுகொண்டிருந்தது. அவர்களுக்குத் தந்தவாறே எனக்கும் தருக என்றேன். உப்பும் ஆலிவ் எண்ணெயுமே கூட்டு. ரொட்டியில் உப்புகூட இல்லை. அது தஸ்கனி வழக்கம். முதல் துண்டை அச்சத்தோடு மென்றேன். மூன்றாவதற்குள் அச்சம் போயிற்று. போத்தலைத் திறக்கவேயில்லை.

பின்னரே ஒரு செய்தி அறிந்தேன். பைத்தியமாட்டு நோயின் காரணமாக 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் முதுகெலும்போடு கூடிய இறைச்சிக்குத் தடை விதித்தது. 2006இல்தான் அத்துண்டு மீண்டும் மேசைக்கு வந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அதற்காகக் காத்திருந்த ஊருக்குள்ளா நான் சம்பாலோடு நுழைந்தேன்!

இறைச்சித் துண்டைப் புகழ்வது தமிழாசிரியனுக்கு அழகா என்று கேட்போர் உளர். அவர்கள் பொருநராற்றுப்படையை மீண்டும் புரட்டுவார்களாக. கரிகாலனின் விருந்தில் இரவும் பகலும் ஊன் தின்ற பொருநனுக்குப் பற்கள், புன்செய் உழுத கொழுப்போல் மழுங்கினவாம். (அது செம்மறியின் ஊன், மாடன்று. அதை மறைக்க நான் விரும்பவில்லை.) சமயத்தின் பொருட்டு மாட்டிறைச்சியை விலக்குவோரிடம் எனக்கு வழக்கில்லை, அவர்களை வணங்குகிறேன். ஆனால் அதே உணவகங்களில் அவரையும் கீரையும் பழைய ரொட்டியும் சேர்த்துக் காய்ச்சிய 'ரிபொல்லீத்தா' கிடைக்கிறதே! அதை உண்ண எந்தச் சமயம் தடுத்தது?

கணியன் பூங்குன்றனாரின் பாட்டை மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அயலூர் சென்றாலோ, அயலார் பந்தியில் அரைமணி அமர அஞ்சுகிறோம். பேருந்து புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமுமே சுற்றுலாக் கட்டுரை என்று பிள்ளைகள் எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். நாம் எழுதும் பயணக் கட்டுரையில் வேறென்ன இருக்கிறது?

எங்கள் ஆசிரியர் குழு அடுத்த பயணத்திற்கு ஆயத்தமாகிறது. ஐந்து இரவுக்கும் இந்திய உணவகம் பதிவாகிவிட்டதாம். என் பெயரை அப்பட்டியலிலிருந்து நீக்குமாறு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.