வேலியே பயிரை மேயும் நோய்

நீரிழிவு என்றவுடன் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவன பருத்த உடலும், ஐம்பதைக் கடந்த வயதும், விருந்து உணவும்தான். ஆனால், ஒல்லியான உடலும் பத்தே வயதும் உடைய பிள்ளைக்கும் நீரிழிவு வருகின்றது. அது அப்பிள்ளை இனிப்புத் தின்றதால் வந்ததன்று. பெற்றோரின் வளர்ப்புக் குறையும் அன்று. பின் ஏன் வருகின்றது? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, மூளையிலுள்ள ஒரு நொதியை ஆராய்ந்தபோது கிடைத்தது.

குளூட்டமிக் அமில டிகார்பாக்சிலேஸ் என்பது அந்நொதியின் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஜி.ஏ.டி. என்பர். நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட் என்னும் பொருளை, அவற்றை அமைதிப்படுத்தும் காபா என்னும் பொருளாக மாற்றுவதே அதன் வேலை. மஞ்சுவிரட்டுக் காளைக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, நம் தசைகளுக்குக் காபா அப்படி. இதே நொதி, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா உயிரணுக்களிலும் இருக்கின்றது.

நோய்க் கிருமிகளை எதிர்க்க இறைவன் நம் உடலில் ஒரு காவற்படையை அமைத்துள்ளான். சிலரிடம் அப்படை வீட்டாரையே கள்வர் என மயங்கிவிடுகின்றது. கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், உடலின் சொந்த நொதிக்கு எதிராகவே உருவாகின்றன. கணையம் தாக்கப்பட்டால் இன்சுலின் வற்றி முதல் வகை நீரிழிவு தோன்றுகின்றது. உயிரணுக்களை அழிப்பதில் வெள்ளணுக்களுக்கே பெரும்பங்கு உண்டு. எதிர்ப்பொருளோ அத்தாக்குதல் நடப்பதை நமக்குக் காட்டிக் கொடுக்கும் அடையாளம்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1956இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மோர்ஷ், வோல்ட்மன் என்னும் இருவர், 14 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுடைய முதுகும் வயிறும் தொடைகளும் மரக்கட்டைபோல் விறைத்துப் போயின. நாளடைவில் இந்நோய் ‘ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்’ எனப் பெயர் பெற்றது. 1988இல், இவ்விறைப்பும் வலிப்பும் முதல் வகை நீரிழிவும் ஒருங்கே அமைந்த ஒரு நோயாளியின் குருதியில் ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. நீரிழிவுப் பிள்ளைகளின் குருதியில் உள்ள எதிர்ப்பொருள் தாக்கும் ஒரு புரதத்தை ஆய்வாளர்கள் 1982 முதலே அறிந்திருந்தும், அது யாதெனத் தெரியாதிருந்தனர். அதுவும் இந்த ஜி.ஏ.டி.யே என்பது 1990இல் தெளிவாயிற்று.

விறைப்பு நோய் மிக அரிது. பத்து இலட்சம் பேரில் ஓரிருவருக்கே வருவதாகக் கணிக்கப்படுகின்றது. பாடகி செலின் டியோன் தமக்கு இந்நோய் இருப்பதாக 2022இல் அறிவித்தபோதுதான் உலகில் பலரும் இதன் பெயரைக் கேள்வியுற்றனர். திடீர் ஓசை கேட்டாலோ, மனம் கலங்கினாலோ தசைகள் இழுத்துக்கொள்ளும். தெருவைக் கடக்கவே நோயாளி அஞ்சுவார். அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். இத்தகையவரை நடிக்கிறார் என்றோ, காற்றுக் கறுப்பு என்றோ ஒதுக்குவது அநீதி. டயசெபாம், பேக்லோஃபென் போன்ற மருந்துகளும், குருதி வழியே செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் பலருக்கு நிவாரணம் தருகின்றன.

இந்த அறிவு நமக்கு எவ்வகையில் பயன்படும்? நாற்பது வயதில் நீரிழிவு கண்ட ஒல்லியான ஒருவருக்கு, மாத்திரைகள் சில ஆண்டுகளிலேயே பயன் தராது போகலாம். பத்தியம் காக்கவில்லை என்று அவரைக் குடும்பத்தார் கடிந்துகொள்வர். உண்மையில் அவருக்கு இருப்பது மெதுவாக வளரும் தன்னெதிர்ப்பு நீரிழிவாக இருக்கலாம். ஜி.ஏ.டி. குருதிச் சோதனை அதைக் காட்டும். தமிழகத்திலும் கேரளத்திலும் காணப்படும், கணையத்தில் கல் தோன்றி வரும் நீரிழிவில் இவ்வெதிர்ப்பொருள் பெரும்பாலும் இராது. ஆகவே வகையைப் பிரித்தறியவும் இது துணை செய்கின்றது. 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்ட மாநிலம் நம்முடையது. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. காரைக்குடிப் பக்கத்தார் மருத்துவ ஆலோசனைக்கு நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை.

பெற்றோர்களே! முதல் வகை நீரிழிவுப் பிள்ளைக்கு இன்சுலினே உயிர். ‘ஊசி போட்டால் பழகிவிடும்’ என்றோ, சூரணம் தருகிறோம் என்று எவரோ சொன்னதைக் கேட்டோ அதை நிறுத்தினால், சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். பெருந்தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு ஆகியவை முதல் அறிகுறிகள். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு ஆகியவை தோன்றின் ஒரு மணி நேரமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துஆச் செய்யுங்கள், ஊசியையும் போடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மதரஸா, பள்ளி ஆசிரியர்களும் ஒன்றை அறிய வேண்டும். இன்சுலின் போடும் மாணவன் திடீரென வியர்த்து, நடுங்கி, பிதற்றினால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. சீனி கரைத்த நீரை உடனே கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். நோன்பு நாளாயினும் இதுவே முறை. நோயாளிக்கு மார்க்கம் தெளிவான சலுகை அளித்துள்ளது. நோன்பு நோற்பதா வேண்டாமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெண் பிள்ளையாயின், நிக்காஹ் பேச்சின்போது நோயை மறைக்காதீர்கள். மறைத்தால், புகுந்த வீட்டில் அவள் ஊசியை ஒளித்துப் போட நேரும். ஒரு நாள் போடாமலே விடவும் நேரும். உண்மையை அறிந்து மணம் முடிப்பவனே அவளுக்கு உற்ற துணைவன்.