செஞ்சிக்கு மலை ஏற மட்டும் போகாதீங்க

பௌர்ணமிக்குக் கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ் ஏறியிருக்கீங்களா? திண்டிவனம், செஞ்சி வழியா போயிருந்தா நீங்க ஏற்கனவே ஒரு பழைய கோட்டை நகரத்துக்குள்ள புகுந்து வெளிய வந்திருக்கீங்க. செஞ்சி தாண்டினதும் அந்த ரோடே கோட்டைச் சுவரைக் கடந்து, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல ஓடுது. நம்மில் பாதிப் பேர் அந்த நேரத்துல ஹெட்போன் மாட்டித் தூங்கிட்டு இருப்போம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில். மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. அது சம்பந்தமான ரீல்ஸ் பார்த்திருப்பீங்க: ராஜகிரி உச்சி, ட்ரோன் ஷாட், பின்னாடி மாஸ் பிஜிஎம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உச்சியில செல்ஃபி எடுத்துட்டு நேரா இறங்கி வர்றவங்க செஞ்சியைப் பாதிதான் பார்த்திருக்காங்கன்னு நான் சொல்வேன். ஏன்னா அது ஒரு ஊர்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்துச் சுமார் 13 கி.மீ. நீளத்துக்குச் சுவர் போகிறது. அதுக்குள்ள கல்யாண மகால், குதிரை லாயம், தானியக் களஞ்சியம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, செட்டிகுளம், சக்கரகுளம் எல்லாம் இருக்கு. கல்யாண மகாலுக்குத் தண்ணீர் வெளியே இருந்த ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து மண் குழாய் வழியா வந்தது. சுமார் 240 மீட்டர் உயர ராஜகிரி மேலேயும் சுனை இருக்கு, மழைநீரைத் தேக்கும் இடங்கள் இருக்கு, களஞ்சியமும் இருக்கு.

இதெல்லாம் சும்மா அழகுக்கு இல்ல. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் முற்றுகை போட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். நடுவுல இழுபறி, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தது உண்மைதான். ஆனாலும் குடிக்கத் தண்ணியும் சாப்பிடத் தானியமும் இல்லாம வெறும் உயரத்தை வெச்சு யாரும் எட்டு வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். மேடவாக்கத்திலும் மதில் சுவர் ஊர்கள் நிறைய முளைக்குது, கேட்டட் கம்யூனிட்டிங்கற பேர்ல. பெரிய கேட், செக்யூரிட்டி, சிசிடிவி, பிரோஷர்ல நீச்சல்குளம். ஏப்ரல் வந்தா அதே கேட் வழியா தண்ணி லாரி உள்ளே போகும். நவம்பர் வந்தா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல தங்க வேண்டிய தண்ணி நம்ம பார்க்கிங்ல வந்து தங்கும். செஞ்சியில சுவரையும் தண்ணியையும் சேர்த்து யோசிச்சாங்க. நாம சுவரோட நிறுத்திட்டோம். நாளைக்கு இந்தக் கட்டடங்களை டிசைன் பண்ணப் போறது நாமதான். அதனாலதான் இதை உங்ககிட்ட சொல்றேன்.

"இது மராத்தியர் கோட்டையா, தமிழர் கோட்டையா?"ன்னு ஒரு சண்டையும் கமெண்ட்ல ஓடுது. ஆனந்தக் கோன் தொடங்கினார்னு சொல்லப்படுற கோட்டையை நாயக்கர்கள் பெரிசாக்கினாங்க. அப்புறம் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, பிறகு முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். சிஎஸ்இ மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னா இது பக்கா லெகஸி கோட். கமிட் ஹிஸ்டரியில ஒரு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சா எதுவும் புரியாது.

"நூத்தம்பது கிலோமீட்டர் வெயில்ல போய்ப் பாழடைஞ்ச சுவரைப் பார்க்கணுமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரியை விட செஞ்சி பக்கம். பாண்டி பீச்ல காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல் தூண்களும் செஞ்சியிலிருந்து போனவைதான். தூணோட போட்டோ எடுக்கிறோம், அது இருந்த ஊரை விட்டுடறோம்.

ஐ.வி.ன்னு சொல்லி ஊட்டி போற பழக்கத்தை நான் தடுக்கல. ஒரே ஒரு சனிக்கிழமை கேட்கிறேன். காலையில சீக்கிரம் போங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, குரங்கு கண்ணுல தின்பண்டம் படாம பார்த்துக்கோங்க. முதல்ல கீழே சுத்துங்க. தண்ணி எங்கிருந்து வந்தது, எங்கே தேங்கினது, தானியம் எங்கே இருந்ததுன்னு தேடிப் பாருங்க. அப்புறம் மலை ஏறுங்க. சுவர்ல மட்டும் பேரு எழுதிட்டு வராதீங்க, ப்ளீஸ்.