இறப்பர்த் தோட்டம் காடாகுமா?

சில நாள்களுக்கு முன் வகுப்பிலே புவியியற் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமேசன், கொங்கோ, போர்ணியோ என்று அயன மண்டல மழைக்காடுகள் உள்ள இடங்களைப் படத்திலே காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். பால்வெட்டும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை அவன். தோட்டத்திலிருந்து நாள்தோறும் நடந்தே வருபவன். "ஐயா, எங்கள் லயத்தைச் சுற்றி எங்கும் மரங்கள். மழையும் ஓயாமல் பெய்கிறது. அப்படியானால் எங்கள் தோட்டமும் மழைக்காடுதானே?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வினாவிலே பாதி உண்மை இருந்தது.

மழையைப் பொறுத்தவரை அவன் கூற்று சரியே. மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் இருக்கிறது நமது ருவான்வெல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே மோதி மழையாகச் சொரிகிறது. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமழை பெய்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் இப்பகுதியை ஈரவலயம் என்கிறோம். முற்றாக வறண்ட மாதம் என்று ஒன்று இங்கே இல்லை. வெப்பமும் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு தைக்கும் ஆடிக்கும் உள்ள வேறுபாட்டைவிட மிகுதி. மழைக்காடு தோன்றுவதற்கு இவையே போதும். தோட்டங்கள் வருமுன் இந்தக் குன்றுகளை மூடியிருந்ததும் அத்தகைய காடுதான்.

அதன் எச்சத்தைக் காண விரும்புவோர் யட்டியாந்தோட்டையைக் கடந்து கித்துல்கலைக்குச் செல்லலாம். களனி கங்கையின் மறுகரையிலே காடு இன்றும் நிற்கிறது. முழு வடிவிலே காண வேண்டுமாயின் நமது மாகாணத்தின் தென்கோடியிலுள்ள சிங்கராஜ வனத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஆண்டு மழை 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை. யாழ்ப்பாணம் பெறும் மழை அதன் பாதிக்கும் குறைவு.

காட்டினுள் நுழைந்ததும் முதலில் தெரிவது இருள். ஹொர, நாக மரம் முதலிய நெடுமரங்கள் தலைக்கு மேலே கூரைபோல் இலை வேய்ந்து நிற்கின்றன. அதன் கீழே நடுத்தர மரங்கள் ஓர் அடுக்கு. அதன் கீழே இளங்கன்றுகளும் செடிகளும் மற்றோர் அடுக்கு. பிரம்பும் மரமஞ்சட் கொடியும் மரங்களைப் பற்றிக்கொண்டு ஒளியை நாடி ஏறுகின்றன. மண்ணையே தொடாமல் கிளைகளிலே வாழும் ஓக்கிட்டுச் செடிகளும் பன்னங்களும் உண்டு. ஹொர மரத்தின் கனியிலே இரண்டு சிறகுகள் உள்ளன. உதிரும்போது அது சுழன்று சுழன்று இறங்கும். ஒளி விழும் ஈரமான ஓரங்களில், இலை நுனியிலே குடுவை ஏந்திப் பூச்சிகளைப் பிடிக்கும் குடுவைச் செடியைக் காணலாம். அந்த இனம் இலங்கைக்கே உரியது.

சிங்கராஜ வனத்திலே 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, விரற்பருமன் உள்ள கன்று முதல் முதிர்ந்த மரம் வரை ஒவ்வொன்றையும் ஆய்வாளர் எண்ணினர். ஏறக்குறைய இரண்டு இலட்சம் மரங்கள். அவற்றுள் 200க்கு மேற்பட்ட இனங்கள்! நமது தோட்டத்திலோ மலை முழுவதும் ஓரினம். அதுவும் ஒரே வயது.

அந்த ஓரினத்தின் வரலாற்றையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1876ஆம் ஆண்டிலே என்றி விக்காம் என்பவர் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை 2,700 அளவே. அவற்றுள் ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவிலே வளர்க்கப்பட்டன. ஆகவே நம் பிள்ளைகளின் லயத்தைச் சூழ்ந்து நிற்கும் மரமும் ஒரு மழைக்காட்டின் குழந்தையே. பிறந்த வீடு அமேசன். வாழும் வீடு களனிப் பள்ளத்தாக்கு.

பிறந்த வீட்டிலே அது எப்படி வாழ்ந்தது? காட்டிலே ஒரு மரம் இங்கே, மற்றொரு மரம் வெகு தொலைவிலே. ஒன்றைப் பற்றிய நோய் இன்னொன்றை எளிதில் எட்டாது. 1928இல் அமெரிக்க மோட்டார் அதிபர் என்றி போட் அமேசனிலேயே காட்டை வெட்டி இறப்பரை வரிசை வரிசையாக நாட்டினார். இலையைக் கருக்கும் பங்கசு ஒன்று மரத்துக்கு மரம் தாவிற்று. 1945இல் அவரது நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடமே ஒப்படைத்து வெளியேறியது. இலங்கையிலும் 2019 முதல் வேறோர் இலைநோய் இறப்பர்த் தோட்டங்களைப் பீடித்துள்ளது. இலை உதிர்ந்தால் பால் குறையும்; பால் குறைந்தால் வெட்டுவோர் வீட்டு அடுப்பிலும் குறை தெரியும்.

இத்துணை செழித்த காட்டின் மண் வளமானது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. ஓயாத மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. உதிர்ந்த இலையைப் பங்கசுகளும் சிற்றுயிர்களும் விரைவிலே உக்கச் செய்ய, மேற்பரப்பிலே பரந்திருக்கும் நுண்வேர்கள் அச்சத்தை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. காட்டின் செல்வத்திற் பெரும்பகுதி மண்ணிலே இல்லை, மரத்திலே இருக்கிறது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பம்போல, காடும் கையிருப்பின்றிக் காலத்தை ஓட்டுகிறது. மரத்தை வெட்டிக் கொண்டுபோனால் செல்வமும் அதனோடு போய்விடும். எஞ்சிய மண்ணை அடுத்த மழை கொண்டுபோகும்.

1970களின் தொடக்கத்திலே ஒட்டுப்பலகை ஆலைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கள் இறங்கின. அறிஞரும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அவ்வனத்தை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. அன்று எவரும் வாய் திறவாதிருந்தால் இன்று எண்ணுவதற்கு மரங்கள் இருந்திரா.

காடு தொலைவிலுள்ள பொருள் என்று நாம் இருந்துவிட இயலாது. 2016 மே 17ஆம் நாள் நமது கேகாலை மாவட்டத்து அரநாயக்கையிலே மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாள்களில் புளத்கொஹுபிட்டியப் பகுதியிலே தோட்டத்து லயமொன்றும் மண்ணுள் புதைந்தது. கொட்டித் தீர்த்த மழையும் செங்குத்தான சரிவும் முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பல அடுக்கு இலைகள் மழையின் வேகத்தைத் தணிப்பதும், பலவகை வேர்கள் சரிவைப் பிணித்து வைப்பதும் காடு நமக்குக் கூலியின்றிச் செய்யும் தொண்டு. சரிவிலே வீடு அமைத்துக் கொடுக்கப்பட்ட மக்களுக்கு அத்தொண்டு உயிர்க்காவல் அன்றோ?

இவற்றையெல்லாம் அன்று சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. ஆகவே அந்த மாணவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "இறப்பர் மலையிலே பத்து அடி நீளம், பத்து அடி அகலம் நிலத்தை அளந்து, அதில் எத்தனை வகை மரமும் கொடியும் உண்டென்று எண்ணு. பின்னர் ஓடைக்கரைப் புதரிலும் அவ்வாறே எண்ணு," என்றேன்.

திங்கட்கிழமை ஒரு தாளோடு வந்தான். அட்டை கடித்த தழும்பு காலிலே இருந்தது. தாளின் ஒரு பக்கத்திலே, இறப்பரும் அதன்கீழ்ப் படர்ந்த கொடியுமாக இரண்டு. மறுபக்கத்திலே பத்தொன்பது. அவற்றுள் ஏழுக்கே பெயர் எழுதியிருந்தான். அந்த ஏழையும் சொல்லித் தந்தவர் அவனுடைய பாட்டியாம். மற்றப் பன்னிரண்டின் இலைகளையும் பொதியாகக் கட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இவற்றின் பெயர் என்ன, ஐயா?" என்றான்.

நான்கின் பெயரைத்தான் என்னாற் சொல்ல முடிந்தது. எஞ்சிய எட்டையும் அறிய, வரும் விடுமுறையிலே அவன் பாட்டியைக் காண நானும் செல்வதாக இருக்கிறேன்.