ஆலை கேட்டோடு நிற்கும் அரசு கணக்கு... உள்ளே வீணாகும் சூட்டுக்கு யார் பொறுப்பு?

சேலம்:

மேட்டூர் பக்கம் போய் வருபவர்கள் பார்த்திருப்பார்கள். ஆலைகளின் கூலிங் டவருக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஏதோ எழும்பிக் கொண்டே இருக்கும். "எவ்வளவு புகை விடுறான் பாரு" என்று பஸ்சில் பேசிக் கொள்வார்கள்.

அது புகை இல்லை. தண்ணீர். ஆலைக்குள் மிஞ்சிப்போன சூட்டைச் சுமந்து கொண்டு ஆவியாகப் போகிற தண்ணீர்.

அந்தச் சூடு சும்மா வரவில்லை. கொஞ்சம் ரசாயனம் கலக்கும்போது தானாக வரும். மீதி, பாய்லரில் காசு கொடுத்து எரித்தது. ஒரு பக்கம் எரிபொருள் போட்டுச் சூடாக்குகிறார்கள். இன்னொரு பக்கம் தண்ணீர் விட்டு ஆற வைக்கிறார்கள்.

எந்த ரசாயன ஆலையிலும் இது ஓரளவு தவிர்க்க முடியாது. ஆனால் எவ்வளவு அவசியம், எவ்வளவு வீண்? அந்தக் கோட்டை எங்கே போடுவது? இப்போது இந்தக் கேள்விக்கு அவசரம் வந்திருக்கிறது.

புது இலக்கு

2025 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதியை வெளியிட்டது. அலுமினியம், சிமெண்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய 4 தொழில்களில் 282 ஆலைகளுக்கு இலக்கு வைத்தது. ஒரு டன் சரக்கு தயாரிக்க எவ்வளவு கரியமில வாயு வெளியே விடலாம் என்பதுதான் அந்த இலக்கு. 2023-24 ஆண்டை அடிப்படையாக வைத்து, 2025-26, 2026-27 ஆண்டுகளில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஆலை ஆலையாக எண் கொடுத்து விட்டார்கள்.

குளோர்-ஆல்கலி என்றால் வேறொன்றுமில்லை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில். சோப்பு, காகிதம், துணி எல்லாவற்றுக்கும் காஸ்டிக் சோடா வேண்டும். குளோரினில் இருந்துதான் பி.வி.சி. வருகிறது.

நம்ம பகுதிக்கு இது தூரத்து சமாச்சாரம் இல்லை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்த பிறகு, தண்ணீரையும் மின்சாரத்தையும் நம்பித்தான் இங்கே ரசாயன ஆலைகள் வந்தன. கெம்ப்ளாஸ்ட் சன்மார் நிறுவனம் மேட்டூரில் காஸ்டிக் சோடாவும் பி.வி.சி.யும் தயாரிக்கிறது. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1960-களில் இருந்து ஓடுகிறது. இலக்கு வைத்த 4 தொழிலில் இரண்டு நம் காவிரிக் கரையிலேயே இருக்கிறது.

இலக்கு வைப்பதும் புதுசு இல்லை. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன் கீழ் 2012-ல் 'பாட்' என்ற திட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் 478 ஆலைகள். சுமார் 67 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியை மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள். 2015-ல் கணக்கு முடித்தபோது சுமார் 87 லட்சம் டன் மிச்சமானது. கேட்டதை விட அதிகம்!

நல்ல சேதிதான். ஆனால் அதிலேயே ஒரு சந்தேகமும் இருக்கிறது. கேட்டதை விட இவ்வளவு சுலபமாக மிச்சம் பிடிக்க முடிந்தது என்றால், முதலில் கேட்டது குறைச்சலோ?

லாரிக்கு மைலேஜ் பார்ப்பது போல

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். முதலாளி டிரைவரிடம் மைலேஜ் கேட்பார். எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோமீட்டர். குறைந்தால் சத்தம் போடுவார். ஆனால் அந்த நம்பரை வைத்து, பிரேக் பிடித்துக் கொண்டு ஓடுகிறதா, டயரில் காற்று இல்லையா, இன்ஜெக்டர் போய்விட்டதா என்று சொல்ல முடியாது. பட்டறையில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அரசு வைக்கும் இலக்கும் மைலேஜ் கணக்குதான். ஆலை கேட்டுக்குள் எவ்வளவு எரிசக்தி போனது, கேட்டுக்கு வெளியே எவ்வளவு சரக்கு வந்தது. வகுத்துப் பார்த்தால் கணக்கு முடிந்தது. 'கேட்டில் இருந்து கேட் வரை' என்றே இதற்குப் பெயர். உள்ளே எந்தப் பைப்பில் சூடு ஒழுகுகிறது என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது.

உள்ளே போய்ப் பார்க்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. 1973-ல் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறிய பிறகு பிறந்தது. போடோ லின்ஹாஃப் என்ற ஆராய்ச்சியாளரும் ஜான் ஃபிளவர் என்ற பேராசிரியரும் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து 1978-ல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயன கம்பெனி தன் ஆலைகளில் போட்டுப் பார்த்தது. இன்று உலகம் முழுக்க 'பிஞ்ச்' கணக்கு என்கிறார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், ஒரு பைப் கூட வாங்காமல், ஒரு நட்டு கூட கழற்றாமல், "இந்த ஆலைக்கு இதற்கு மேல் ஸ்டீம் தேவையே இல்லை" என்று முதலிலேயே சொல்லி விடலாம்.

ஒரு சின்ன கணக்கு

எந்த ஆலையுடைய கணக்கும் இல்லை இது. புரிவதற்காக நாமே போட்டது. சூட்டை 'படி'யில் அளப்பதாக வைத்துக் கொள்வோம்.

ஒரு பைப்பில் 120 டிகிரி சூட்டில் ஒரு திரவம் வருகிறது. அதை 40 டிகிரிக்கு ஆற வைக்க வேண்டும். இன்னொரு பைப்பில் 50 டிகிரியில் ஒன்று வருகிறது. அதை 130 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். இரண்டிலுமே ஒரு டிகிரி மாற 20 படி சூடு.

முதல் பைப் இறங்க வேண்டியது 80 டிகிரி. 1,600 படி சூடு மிச்சம். இரண்டாவது பைப் ஏற வேண்டியதும் 80 டிகிரி. அதே 1,600 படி தேவை. கணக்குப்பிள்ளையைக் கேட்டால், "வரவும் செலவும் சரி. பாய்லரே வேண்டாம்" என்பார்.

ஆனால் சூடு பணம் மாதிரி இல்லை. மேலிருந்து கீழேதான் போகும். 60 டிகிரியில் இருப்பது 100 டிகிரியில் இருப்பதைச் சூடாக்காது. அதோடு, சூடு வேகமாகக் கை மாற குறைந்தது 10 டிகிரியாவது வித்தியாசம் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம்.

அப்படியானால் முதல் பைப் 120-ல் இருந்து 60 வரை இறங்கும்போது, இரண்டாவது பைப்பை 50-ல் இருந்து 110 வரை ஏற்றலாம். கை மாறியது 1,200 படி. மீதி 400 படிக்கு ஸ்டீம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பக்கம் 400 படியை கூலிங் டவருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

ஆக, இந்த ஆலையின் உண்மையான இலக்கு 400. பூஜ்யமும் இல்லை, 1,600-ம் இல்லை.

இப்போது இந்த ஆலை 900 படி ஸ்டீம் எரிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கேட் கணக்குப்படி 5 சதவீதம் குறைக்கச் சொன்னால் 855-க்கு வரும். இலக்கை எட்டிவிட்டது என்று எல்லோரும் கை குலுக்குவார்கள். ஆனால் உள்ளே இன்னும் 455 படி வீண்!

இரட்டை நஷ்டம்

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு படி ஸ்டீம் கொடுத்தால், அதே ஒரு படி சூடு மறுபக்கம் கூடுதலாக மிஞ்சுகிறது. அதையும் கூலிங் டவர்தான் ஆற வைக்க வேண்டும். எரிபொருளும் போச்சு, தண்ணீரும் போச்சு.

தண்ணீர் எவ்வளவு? ஒரு டன் ஸ்டீமின் சூட்டை கூலிங் டவரில் ஆற வைக்க, கிட்டத்தட்ட முக்கால் டன்னில் இருந்து ஒரு டன் வரை தண்ணீர் ஆவியாகும். மேட்டூர் அணை எத்தனை அடி என்று காலையில் எழுந்ததும் பார்க்கிற ஊர் நம்மூர். இங்கே வீணாகும் ஒவ்வொரு டன் ஸ்டீமும் காவிரித் தண்ணீர் கணக்கிலும் எழுத வேண்டியது.

அதனால்தான் இந்த விஷயம் கம்பெனி என்ஜினீயர்களோடு முடிகிற விஷயம் இல்லை.

ஒரே நெருப்பில் மூன்று பாத்திரம்

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. காஸ்டிக் சோடாவையே எடுத்துக் கொள்வோம். மெம்பரேன் முறையில் செல்லில் இருந்து வெளியே வரும்போது 32 சதவீதக் கரைசலாக இருக்கும். அதை 48 சதவீதம் வரை காய்ச்சி கெட்டியாக்கித்தான் டேங்கரில் ஏற்றுவார்கள். ஒரு டன் காஸ்டிக்குக்கு சுமார் ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும்.

ஒரே பாத்திரத்தில் காய்ச்சினால் ஒரு டன்னுக்கு மேல் ஸ்டீம் ஆகும். ஆனால் முதல் பாத்திரத்தில் எழும்பும் ஆவியை விட்டு விடாமல் இரண்டாவது பாத்திரத்தைக் கொதிக்க வைக்கலாம். அதன் ஆவியில் மூன்றாவது பாத்திரம். அடுத்தடுத்த பாத்திரத்தில் அழுத்தத்தைக் குறைத்து விட்டால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இப்படி மூன்று பாத்திரம் வைத்தால் ஸ்டீம் அரை டன் அளவுக்கு இறங்கி விடும். கடைசியில் சூடாக வெளியே போகும் கரைசலை வைத்து, உள்ளே வரும் கரைசலையும் சூடாக்கலாம்.

காகித ஆலைகளிலும் இதே கதைதான். மரக்கூழ் வேக வைத்த கருப்புத் திரவத்தை வரிசையாகப் பல பாத்திரங்களில் சுண்ட வைத்து, கடைசியில் அதையே பாய்லரில் எரித்து ஸ்டீம் எடுக்கிறார்கள். வழி தெரியாமல் யாரும் இல்லை. 'இன்னும் எவ்வளவு முடியும்' என்று யார் கேட்பது என்பதுதான் பிரச்சினை.

கம்பெனி தரப்பு நியாயம்

ஆலைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் சும்மா கிடைப்பதில்லை. நம் கணக்கில் 10 டிகிரி வித்தியாசத்துக்குப் பதில் 20 டிகிரி வைத்தால் சின்ன எக்ஸ்சேஞ்சர் போதும், செலவு குறையும். ஆனால் ஸ்டீம் தேவை 400-ல் இருந்து 600 படியாக ஏறும். எது லாபம் என்பது எரிபொருள் விலையைப் பொறுத்தது. உள்ளே உப்புப் படிந்தால் சூடு கை மாறாது. அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

முக்கியமானது பாதுகாப்பு. ஒன்றோடொன்று சேரக் கூடாத இரண்டு ரசாயனங்களை ஒரே எக்ஸ்சேஞ்சரில் விட்டு, நடுவில் டியூப் ஓட்டையானால் வேலை செய்கிற தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. மிச்சம் பிடிக்கிறேன் என்று அதில் கை வைக்கக் கூடாது. அந்த மாதிரி இடங்களை முதலிலேயே ஒதுக்கி விட்டுத்தான் இலக்கு போட வேண்டும்.

ஆனால் இதெல்லாம் கணக்கைப் போடாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. 400-ஆ 600-ஆ என்று வாதாடலாம். 900-ல் இருந்து கொண்டு வாதாடக் கூடாது.

சின்னப் பட்டறைகள் கதி?

பெரிய ஆலைக்காவது கேட்டில் ஒரு மீட்டர் இருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகளையும், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ ஃபேக்டரிகளையும் கேட்பார் இல்லை. 'பாட்' திட்டத்தில் ஒரு துணி ஆலை வர வேண்டும் என்றால் வருஷத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமாக எரிக்க வேண்டும். சின்னப் பட்டறை எங்கே அதற்கு வரும்?

சாயம் போடுகிற தொட்டியில் தண்ணீர் 60, 80 டிகிரி சூட்டில் இருக்கும். வேலை முடிந்ததும் சுடச்சுட வெளியே விடுகிற இடத்தில், அடுத்த தொட்டிக்குப் பச்சைத் தண்ணீரைப் பிடித்து மறுபடி விறகு போட வேண்டியதுதான். இது ஓடிக்கொண்டே இருக்கிற வேலை இல்லை, தொட்டி தொட்டியாக நடக்கிற வேலை. அதனால் சூட்டைப் பிடித்து வைக்க ஒரு மூடிய டேங்க் வேண்டும். தனியாக ஒரு பட்டறைக்காரர் செய்வது கஷ்டம். சங்கமாகச் சேர்ந்தால் முடியும்.

என்ன செய்ய வேண்டும்?

புது விதிப்படி இலக்கைத் தாண்டிக் குறைக்கும் ஆலைக்கு கார்பன் சான்றிதழ் கிடைக்கும். விற்றுக் காசாக்கலாம். எட்டாத ஆலை சந்தையில் அதை வாங்க வேண்டும். வாங்கவும் இல்லை என்றால், சான்றிதழின் சராசரி விலையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு கட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சான்றிதழை குஜராத்தில் இருந்து வாங்கி விடலாம். காகிதத்தில் கணக்கு சரியாகி விடும். இங்கே வீணான காவிரித் தண்ணீரை எங்கிருந்து வாங்குவது?

பட்டியலில் உள்ள பெரிய ஆலைகளில் எரிசக்தி மேலாளர் இருக்க வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தணிக்கை அறிக்கையில் ஒரே ஒரு வரி கூடுதலாகக் கேட்டால் போதும். 'இந்த ஆலைக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஸ்டீம் இவ்வளவு. இப்போது எரிப்பது இவ்வளவு.' இரண்டு நம்பர்தான். அதையும் ஆலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி விட வேண்டும்.

ஏனென்றால் எந்த வால்வு சரியாக மூடாமல் ஸ்டீம் போகிறது, எந்தப் பைப்பில் உறை கிழிந்து சூடு அடிக்கிறது, எந்த எக்ஸ்சேஞ்சர் அடைத்துக் கொண்டு ஆறு மாதமாகச் சும்மா நிற்கிறது என்று ஷிப்டில் நிற்கிற பாய்லர் அட்டெண்டன்டுக்கும் ஃபிட்டருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது அந்த இரண்டு நம்பர் மட்டும்தான்.

அதைச் சொல்லி விட்டால், எரிபொருள் மிச்சமாகும்போது "எங்க பங்கு எங்கே?" என்று போனஸ் பேச்சுவார்த்தையில் கேட்கவும் ஒரு கணக்கு கையில் இருக்கும். அதற்குப் பயந்துதான் சொல்ல மாட்டார்களோ என்னவோ!