டூர் செலவுக்கு யார் முதல் போடுவது?

மெடிக்கல் ரெப், லிஃப்ட் பழுது பார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர், விதை கம்பெனியின் களப் பணியாளர், கிளை கிளையாகச் சென்று கணக்கு பார்க்கும் தணிக்கையாளர் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழிப்பவர்களுக்குச் சொல்லப்படும் பண அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: சிக்கனமாக இருங்கள், செலவை எழுதி வையுங்கள், ஓட்டல் சாப்பாட்டைக் குறையுங்கள். இவர்கள் வீட்டு வரவு செலவு தடுமாறுவதற்குக் ஊதாரித்தனம்தான் காரணம் என்று இந்த அறிவுரை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. நான் அதை ஏற்கவில்லை. கம்பெனி வேலைக்கான பயணத்துக்கு ஊழியர் தன் கைக்காசை முதலாகப் போடுகிறார். அது திரும்பி வரும்வரை வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்குகிறார். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 35,000 ரூபாய், பஸ், ரயில், லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து டூர் செலவு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் போட்டு, மேலாளர் ஒப்புதல் தந்து, தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவு சரிபார்த்துப் பணம் வந்துசேர இரண்டு மாதம் ஆகிறது என்றால், எந்த நாளில் பார்த்தாலும் சுமார் 36,000 ரூபாய் கம்பெனியிடம் நிற்கும். பழைய பாக்கி வந்த இடத்தில் புதிய செலவு உட்கார்ந்துகொள்வதால், வேலையில் இருக்கும்வரை இந்தத் தொகை கரையாது. ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான பணத்தை வட்டியில்லாமல் முதலாளிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார் ஊழியர். அந்தப் பணம் கிரெடிட் கார்டில் இருந்து வந்தது என்றால் கதை இன்னும் மோசம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 1,260 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,487 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 17,800 ரூபாய். அதாவது, கிட்டத்தட்ட ஒரு மாத டூர் செலவு ஊழியரின் தலையில் விழுகிறது. எந்தக் கம்பெனியும் இந்த வட்டியை கிளைமில் சேர்த்துத் தருவதாகத் தெரியவில்லை.

கார்டில் 45 முதல் 50 நாள் வரை வட்டி கிடையாதே, பாயின்ட்டும் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கார்டு பில்லைக் கட்ட வேண்டிய தேதிக்குள் கிளைம் பணம் வந்துவிட்டால் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால், அந்த 50 நாள் என்பது அதிகபட்ச வரம்பு. பில் தேதிக்கு முந்தைய நாள் லாட்ஜுக்குத் தேய்த்தால் கிடைக்கும் அவகாசம் மூன்று வாரத்தைத் தாண்டுவதே அரிது. கிளைம் தாமதமாகி, 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டினால், அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். கார்டில் ரொக்கம் எடுத்தாலோ முதல் நாளில் இருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம். கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்துத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அளித்த தீர்ப்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: சம்பளம் குறைவு, பேட்டாவில் (டூர் படியில்) மிச்சம் பிடித்துத்தான் குடும்பம் நடக்கிறது, அதையும் பிரித்து வைக்கச் சொன்னால் எப்படி? மருந்து விற்பனைத் துறையில் ஹெட்குவார்ட்டர்ஸ் (பணி மையமான ஊர்), எக்ஸ் ஸ்டேஷன் (அன்றே திரும்பும் ஊர்), அவுட் ஸ்டேஷன் (இரவு தங்கும் ஊர்) என்று ஊருக்கேற்ப பேட்டா மாறும். அவுட் ஸ்டேஷன் பேட்டாவை வாங்கிக்கொண்டு, லாட்ஜில் அறை எடுக்காமல் ராத்திரி பஸ்ஸில் திரும்பி, காலையில் மீண்டும் கிளம்புகிறவர்களின் நிலைமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அந்த மிச்சம் எதிலிருந்து வருகிறது? ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்தும் ஒரு ராத்திரித் தூக்கத்திலிருந்தும் வருகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கில் அது ஏறாது. காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாலோ, பதவி உயர்ந்து அலுவலக நாற்காலிக்கு வந்தாலோ நின்றுவிடும். டூர் படிக்கு வருமான வரி விலக்குகூடச் செலவழித்த அளவுக்குத்தான் பொருந்தும். இப்படிப்பட்ட பணத்தை நம்பி பைக் தவணையோ பள்ளிக் கட்டணமோ வைத்துக்கொண்டால், கட்டத் தவறும் மாதம் வந்தே தீரும். பேட்டா மிச்சத்தில் குடும்பம் ஓடும்வரை, சம்பளம் போதவில்லை என்ற உண்மை முதலாளியின் கண்ணில் படாது.

கிளைம் பணம் தாமதமாகும்போது சட்டமும் கைகொடுக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் தரச் சொல்கிறது; வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. ஆனால், வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவை ஈடுகட்டத் தரும் தொகை, ஊதியம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே, டூர் பில்லுக்கு இந்தக் கெடு பொருந்துவதில்லை. வேறு வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பு 669-வது பிரிவு, வேலையை ஒப்படைப்பவர் அதற்கான செலவைக் கேட்டால் முன்பணமாகவே தர வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டம் 2802-வது பிரிவின்படி வழக்கில் வெல்லும் ஊழியருக்கு, செலவு செய்த நாளில் இருந்து வட்டியும் உண்டு. நம் ஊரிலேயே மத்திய அரசு ஊழியர் டூருக்கு முன்பணம் வாங்கலாம். தனியார் ஊழியருக்கு மட்டும் ஏன் இந்தப் பாதுகாப்பு இருக்கக் கூடாது?

முன்பணம் கொடுத்தால் ஏமாற்றுவார்கள், சிறிய கம்பெனிகளிடம் அவ்வளவு ரொக்கம் இருக்காது என்று முதலாளிகள் தரப்பில் சொல்லலாம். பொய்ப் பில் போடுகிறவர் முன்பணம் இல்லாமலும் போடுவார். கணக்கு ஒப்படைக்காதவருக்கு அடுத்த டூரின் முன்பணத்தை நிறுத்திவைக்கலாம். ரொக்கத் தட்டுப்பாடு உண்மையானதுதான். ஆனால், சிறிய கம்பெனிக்கும் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் கிடைக்கிறது. அதன் வட்டி கார்டு வட்டியைவிட மிகக் குறைவு. டிக்கெட்டையும் அறையையும் கம்பெனியே நேரடியாகப் பதிவு செய்துவிட்டாலும் பாதிச் சுமை இறங்கிவிடும்.

அது நடக்கும்வரை ஊழியர் தன் பக்கத்தில் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு: டூருக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் டூர் செலவுக்கான முதலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, யு.பி.ஐ.யையும் அந்தக் கணக்கிலேயே இணைத்து, கிளைம் பணமும் அங்கேயே வரும்படி கேட்டுக்கொள்ளலாம். சம்பளக் கணக்கோடு கலக்காததால், கம்பெனி எவ்வளவு தர வேண்டும் என்பது அந்தக் கணக்கின் அறிக்கையிலேயே தெரிந்துவிடும். பில் விஷயத்தில் அலட்சியம் கூடாது. பஸ் கண்டக்டர் கருவியிலிருந்து கிழித்துத் தரும் சீட்டு, சட்டைப் பையில் வேர்வை பட்டுச் சில வாரத்தில் எழுத்தே தெரியாமல் வெளுத்துப்போகும். ஏறி உட்கார்ந்ததும் படம் எடுத்துவிட வேண்டும். லாட்ஜ் பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் விடுபட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பக்கூடும். ஆட்டோவுக்கு யு.பி.ஐ.யில் கொடுத்தால் ஒரு தனிநபரின் பெயர்தான் பதிவாகும். எங்கிருந்து எங்கே போனது என்பதைக் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவிடுவது நல்லது. வேலைக்குச் சேரும்போது சம்பளம் பேசுகிறவர்கள், கிளைம் எத்தனை நாளில் வரும், முன்பணம் உண்டா என்ற இரண்டையும் கேட்டு, நியமனக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். நிலுவையில் இருக்கும் கிளைம்களின் விவரம் மனைவிக்கோ கணவனுக்கோ பெற்றோருக்கோ தெரிந்திருப்பதும் அவசியம். சாலையிலேயே வாழ்நாளைக் கழிப்பவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், பில்லோடு கேட்க ஆள் இல்லாத பாக்கி கம்பெனியின் கணக்கிலேயே தங்கிவிடும்.